மூன்று வினாடி நெருப்பு

மணி இரண்டேகால். நான்கு மணிக்கு விசாரணைக் குழு கூடுகிறது. கையில் இருந்த ஒரே தடயமும் சற்று முன்புதான் வாயுக் கிடங்கின் வாசலில் உயிரை விட்டிருந்தது. இந்த நிலைமையில் ஒரு மனிதர் நடுவழியில் நின்று ஷூ லேஸை அவிழ்த்து மறுபடி கட்டிக்கொண்டிருந்தால், கூட வருகிறவனுக்கு எப்படி இருக்கும்? மச்சினனுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"மாமா, இன்னொரு ஷூவும் இருக்கு. அதையும் முடிச்சுட்டு நாளைக்குப் போகலாமா?"

"நல்லவேளை ஞாபகப்படுத்தினே," என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த ஷூவுக்குக் குனிந்தார்.

இந்த மாமாவை எல்லோரும் 'நிதானம்' என்றுதான் கூப்பிட்டார்கள். பெற்றோர் வைத்த பெயரை அவர் மனைவியே மறந்துவிட்டாள் என்று மச்சினன் சொல்லித் திரிவான். அந்த மனைவி அவனுடைய சொந்த அக்கா. 'வீட்ல சும்மா வாயடிச்சுக்கிட்டு இருக்கறதுக்கு உங்ககூட வந்து அடிக்கட்டும்' என்று அவள்தான் ஆறு வருடங்களுக்கு முன் தம்பியைத் துப்பறியும் வேலையில் சேர்த்துவிட்டாள். அன்றிலிருந்து அவர் யோசிப்பதும் இவன் பதறுவதுமாகப் பிழைப்பு ஓடிக்கொண்டிருந்தது.

விஷயம் இதுதான். அந்த ஆய்வுக்கூடத்தில் ஆள் உயரத்துக்கும் மேல் நீளமான ஓர் இரும்புக் குழாய் இருக்கிறது. டனல் என்பார்கள். கொதிக்கக் கொதிக்கச் சூடாக்கிய காற்றை ஒலியை விட வேகமாக அதற்குள் விடுவார்கள். நடுவில் ஹைட்ரஜனைப் பீய்ச்சி எரிய வைக்கப் பார்ப்பார்கள். நின்று எரிந்தால் என்றைக்காவது அது ஒரு விமானத்தின் எஞ்சினாகும். ஆனால் நெருப்பு நிற்பதில்லை. பற்றுகிறது, பற்றிய கணமே காற்று அதை வாரிக்கொண்டு போய்விடுகிறது.

மூன்று வாரத்துக்கு முன், நாற்பத்தோராவது சோதனை ஓட்டத்தில், அது நின்றது. முழுதாக மூன்று வினாடி. ஓட்டியவள் ஒரு பெண் ஆய்வாளர். நான்கு வருட உழைப்பு. கூடமே எழுந்து கைதட்டியது. அதன் பிறகு அவள் பன்னிரண்டு முறை ஓட்டிப் பார்த்துவிட்டாள். ஒரு தடவைகூட நெருப்பு நிற்கவில்லை. கைதட்டிய அதே ஆட்கள் காதோடு காதாகப் பேச ஆரம்பித்தார்கள். யாருக்கும் தெரியாமல், தானாகவே பற்றிக்கொள்ளும் தீமூட்டி வாயுவைக் கலந்து அன்றைக்கு எரிய வைத்திருக்கிறாள், ஊரை ஏமாற்றிவிட்டாள் என்று பேச்சு. இன்று நான்கு மணிக்குள் வேறு காரணம் கிடைக்காவிட்டால் அவளுடைய ஆய்வு ரத்து. பொய்க்காரி என்ற பட்டத்தோடு அவள் வெளியே போகவேண்டியதுதான். இன்னொரு ஆய்வுக்கூடம் அவளுக்குக் கதவைத் திறக்காது.

நேற்று அவர்களைத் தேடி வந்தது அவளுடைய அண்ணன். அதே டனலுக்கு ஃபிட்டர். கைகளைத் துணியால் துடைத்தபடியே உட்கார்ந்திருந்தார். கைகள் சுத்தமாகத்தான் இருந்தன.

"என் தங்கச்சி பொய் சொல்ல மாட்டா சார். சின்னதுல கண்ணாடி டம்ளரை உடைச்சுட்டு, யாரும் கேக்கறதுக்கு முன்னாடியே வந்து சொல்லிட்டு அடி வாங்குவா. எப்படியாவது கண்டுபிடிச்சுக் குடுங்க."

தீமூட்டி வாயுவில்தான் ஆரம்பித்தார்கள். கிடங்கில் அந்தச் சிலிண்டரின் சீல் உடையாமல் இருந்தது. நாலு மாதமாக யாரும் தொடவில்லை என்று கிடங்குக்காரர் சத்தியம் செய்தார். மச்சினன் கையைத் தேய்த்துக்கொண்டு வழக்கு முடிந்தது என்றான். அப்போதுதான் பின்னால் ஒரு தொண்டைக் கனைப்பு. இணை இயக்குநர். காலையில் போட்ட சட்டை மாலைவரை ஒரு மடிப்புக் கலையாது என்பதால் ஆய்வுக்கூடத்தில் அவருக்கு 'இஸ்திரி' என்று பெயர்.

"உடைஞ்ச சீலை மறுபடியும் ஒட்ட எவ்வளவு நேரமாகும்? அவ கலக்கலைன்னு நீங்க நிரூபிச்சா பத்தாது. அன்னைக்கு ஏன் எரிஞ்சதுன்னு சொல்லணும். சொல்ல முடியுமா?"

சொல்ல முடியவில்லை. அதனால்தான் நிதானம் ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தார்.

"மச்சான், போகலாம் வா," என்று ஒருவழியாக எழுந்தார். "அந்தப் பொண்ணுகிட்ட ஒரு படம் பார்க்கணும்."

"படமா? இப்பவா? இடைவேளை உண்டா?"

---

அவள் கன்ட்ரோல் ரூமில் தனியாக உட்கார்ந்திருந்தாள். சாப்பாட்டு டப்பா மூடியபடியே இருந்தது. கண்களைப் பார்த்தால் தூங்கி நாளாகிறது என்று தெரிந்தது. தடித்த கண்ணாடிக்கு அப்பால், கான்கிரீட் அறைக்குள் டனல் படுத்திருந்தது.

"நாற்பத்தொண்ணோட படத்தைக் காட்டும்மா."

திரையில் கொண்டுவந்தாள். ஹைட்ரஜன் நெருப்பு வெறும் கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. தனிக் கேமரா வைத்து, குழாயின் பக்கவாட்டில் பதித்த கண்ணாடி ஜன்னல் வழியாக எடுப்பார்கள். கறுப்பில் ஒரு வெள்ளைப் பட்டை, இடமிருந்து வலமாக அகன்றுகொண்டே போயிற்று.

நிதானம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். மச்சினன் சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். மூன்று நிமிடம் போயிற்று.

"இதுல தலை எது, வால் எது?"

"சார்?"

"நெருப்புக்குத்தாம்மா. எங்க ஆரம்பிக்குது?"

அவள் படத்தைப் பெரிதாக்கினாள். வெள்ளைப் பட்டையின் இடது ஓரம், அடிப்பக்கத்தில், ஸ்கேல் வைத்து வெட்டினாற்போல் நேராக இருந்தது.

"இது..." என்று இழுத்தாள். "ஹைட்ரஜன் வர்ற ஓட்டை இதுக்கு ஒரு சாண் முன்னாடி இருக்கு. நெருப்பு அங்கதான் ஆரம்பிக்கணும், இல்லைன்னா எங்கேயோ பின்னாடி கலைஞ்சு ஆரம்பிக்கணும். இப்படி நேர்க்கோட்டுல..."

"அந்த இடத்துல என்ன இருக்கு?"

"ஒண்ணுமே இல்ல சார். தரையில முன் தகடும் பின் தகடும் சேர்ற இடம். விரலை வெச்சுத் தேய்ச்சா எங்க சேருதுன்னே தெரியாது. அவ்வளவு வழவழப்பா மாட்டியிருக்கும். அண்ணன் மாட்டினது."

"எல்லாரும் எவ்வளவு நேரம் எரிஞ்சதுன்னு பார்த்தீங்க. எங்க உட்கார்ந்து எரிஞ்சதுன்னு யாரும் பார்க்கலை போலிருக்கு," என்றார் நிதானம். "சரி, நெருப்பு ஒரு இடத்துல உட்காரணும்னா என்ன வேணும்?"

"ஒரு பள்ளம் வேணும், இல்லைன்னா ஒரு படி. காத்து அதைத் தாண்டிக் குதிச்சுப் போறப்ப, படிக்குக் கீழ கொஞ்சம் காத்து மட்டும் வெளிய போகாம சுத்திக்கிட்டே நிக்கும்."

"பஸ் போனப்புறம் பின்னாடி புழுதி சுத்துமே, அது மாதிரி," என்றான் மச்சினன்.

"அதேதான். அந்தச் சுழல்ல நெருப்பு ஒட்டிக்கும். ஆனா அதுக்கு ரெண்டு விரக்கடை ஆழமாவது வேணும்னுதான் எல்லாரும் சொல்றாங்க. அவ்வளவு ஆழம் வெச்சா அது காத்தையே இழுத்துப் பிடிச்சு எஞ்சினை மெதுவாக்கிடும். படியே இல்லாம நிறுத்த முடியுமான்னுதான் என் ஆராய்ச்சி. அதனால இந்தக் குழாய்ல படி எங்கேயும் கிடையாது."

"ஜன்னல் வழியாப் பார்த்தா அந்தத் தகடு தெரியுமா?"

"தெரியாது. ஜன்னல் சட்டம் தரையோரத்தைக் கொஞ்சம் மறைக்கும்."

"நாற்பத்தொண்ணுக்கும் நாற்பத்திரண்டுக்கும் நடுவுல குழாயைத் திறந்தீங்களா?"

அவள் லாக் புக்கைப் புரட்டினாள். நாற்பதுக்குப் பிறகு திறந்து மூடியிருந்தார்கள். அடுத்து நாற்பத்தைந்துக்குப் பிறகு. நடுவில் எதுவும் இல்லை. ஹைட்ரஜன் ஓடுகிற குழாயைத் திறந்துவிட்டு எழுதாமல் விட்டால் அது இங்கே பெரிய குற்றம், அனுமதி அட்டையையே பிடுங்கிவிடுவார்கள் என்று சொன்னாள்.

மச்சினனுக்கு முகம் தொங்கிப்போயிற்று. மணி மூன்று அடிக்கப் பத்து நிமிடம்.

---

ஃபிட்டரின் பணிமனை அடுத்த கட்டடம். ஃபிட்டர் அங்கே இல்லை. கம்ப்ரஸரில் காற்று நிரப்பப் போயிருப்பதாக ஒருவர் சொன்னார். ஸ்பேனர்கள் எல்லாம் பெரியதிலிருந்து சிறியதுவரை சுவரில் வரிசையாகத் தொங்கின. ஒவ்வொன்றுக்குப் பின்னாலும் அதே உருவம் பெயின்ட்டில் வரைந்திருந்தது. ஒன்று குறைந்தாலும் சுவரே காட்டிக்கொடுத்துவிடும்.

"இந்த மனுஷன் வீட்ல மனைவியும் பிள்ளைகளும் நிக்கற இடத்தையும் வரைஞ்சு வெச்சிருப்பாரு," என்றான் மச்சினன்.

நிதானம் வேறு ஒரு சுவருக்கு முன்னால் நின்றிருந்தார். அங்கே ஒரு நீளமான கம்பி கட்டியிருந்தது. அதில் மெல்லிய தாமிரச் சட்டங்கள் கோத்துக் கிடந்தன. தகட்டுக்கு அடியில் வைக்கிற பேக்கிங். ஒருமுறை இறுக்கினால் நசுங்கிவிடும், மறுபடி வைக்கக்கூடாது. குழாயைத் திறக்கும்போதெல்லாம் பழையதைக் கழற்றி, கடைசியாக ஓடிய ஓட்டத்தின் எண்ணைக் கூர்மையான ஆணியால் கீறி, இந்தக் கம்பியில் மாட்டுவது ஃபிட்டரின் பழக்கம். வேறு எந்தப் பணிமனையிலும் இப்படிச் செய்வதில்லை. குப்பையில் போட வேண்டியதைத் தோரணம் கட்டுகிறார் என்று மற்றவர்கள் கிண்டல் செய்வார்களாம்.

"மச்சான், எண்ணு."

"எத்தனை இருக்குன்னா?"

"ஒவ்வொரு எண்ணுலயும் எத்தனைன்னு."

மச்சினன் சலித்துக்கொண்டே எண்ணினான். ஐந்தில் இரண்டு. ஒன்பதில் இரண்டு. பதினாறில் இரண்டு. தகட்டுக்கு அடியில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு பேக்கிங் போலிருக்கிறது. முப்பத்திமூன்றில் இரண்டு. நாற்பதில் இரண்டு. அடுத்ததைத் தொட்டவன் கையை எடுக்காமல் நின்றான்.

"மாமா. நாற்பத்தொண்ணு."

"எத்தனை?"

"ஒண்ணுதான்." சட்டென்று திரும்பினான். "இருங்க. நாற்பத்தொண்ணுக்கு அப்புறம் குழாயைத் திறக்கவே இல்லைன்னு புக்குல இருக்கே."

"இருக்கு."

"அப்ப இது இங்க தொங்கவே கூடாதே."

"கூடாது. தொங்கினாலும் ஜோடியாத் தொங்கணும்."

நிதானம் நாற்பத்தொன்றைக் கம்பியிலிருந்து எடுத்து மேஜையில் கிடந்த வெர்னியர் அளவுகோலில் பிடித்தார். இரண்டு மில்லிமீட்டர். திரும்ப அதே இடத்தில் மாட்டினார். மச்சினனுக்கு மூளை விறுவிறுவென்று ஓடியது. இரண்டு பேக்கிங் வைக்க வேண்டிய இடத்தில் ஒன்றுதான் இருந்தால், பின் தகடு இரண்டு மில்லிமீட்டர் கீழே இறங்கி உட்காரும். முன் தகட்டிலிருந்து அது ஒரு படி. அந்தப் படியில்தான் நெருப்பு உட்கார்ந்திருக்கிறது. அதன் பிறகு யாரோ திறந்து, இரண்டாவதையும் வைத்து மூடிவிட்டிருக்கிறார்கள். படி போயிற்று, நெருப்பும் போயிற்று.

"இஸ்திரிதான் மாமா," என்றான், கால் தரிக்காமல். "அந்தப் பொண்ணு பேர் வாங்கிட்டான்னு வயித்தெரிச்சல். ராத்திரியோட ராத்திரியா ஆளை வெச்சுத் திறந்து சரி பண்ணிட்டாரு. வாங்க, சட்டையைப் பிடிச்சு ஒரு கசக்குக் கசக்கினா உண்மை தானா வந்துரும்."

"திருட்டுத்தனமா உள்ள வந்தவன், போறப்ப வீட்டைக் கூட்டிப் பெருக்கிட்டுப் போவானா?"

"புரியலை."

"யாருக்கும் தெரியாமத் திறந்தவன், கழட்டின பேக்கிங்கைப் பையில போட்டுக்கிட்டுப் போயிருக்கலாம். இதுல நாற்பத்தொண்ணுன்னு கீறி, நாற்பதுக்குப் பக்கத்துல வரிசை தப்பாம மாட்டியிருக்கான். புக்குல எழுதாம இருக்க அவனால முடிஞ்சது. இதை மாட்டாம இருக்க முடியலை. அப்படிப்பட்ட கை இங்க எத்தனை பேருக்கு இருக்கும்?"

மச்சினன் ஸ்பேனர்களுக்குப் பின்னால் வரைந்திருந்த உருவங்களைப் பார்த்தான்.

"ஆனா அவர்தானே நம்மளைக் கூப்பிட்டாரு."

"நேத்து நான் அவரை ஒரு கேள்வி கேட்டேன். நடுவுல குழாயை யாராவது தொட்டாங்களான்னு. என்ன சொன்னாரு, ஞாபகம் இருக்கா?"

யோசித்துப் பார்த்தான். 'புக்குல இருக்கறதுதான் சார்' என்று சொல்லியிருந்தார். இல்லை என்று சொல்லவில்லை.

---

கம்ப்ரஸர் அறையில் இரைச்சலாக இருந்தது. ஃபிட்டர் மீட்டரைப் பார்த்துக்கொண்டு நின்றார். நிதானம் ஒன்றும் பேசாமல் ஒரு விரலை மட்டும் உயர்த்திக் காட்டினார். பிறகு சத்தமாக, "நாற்பத்தொண்ணுல ஒண்ணுதான் தொங்குது," என்றார்.

ஃபிட்டரின் முகத்தில் ஈயாடவில்லை. கம்ப்ரஸரை நிறுத்தினார். அந்தத் திடீர் அமைதியில் அவர் குரல் தேவைக்கு மேல் பெரிதாகக் கேட்டது.

"மறந்துட்டேன் சார். ரெண்டையும் எடுத்து மேஜை மேல வெச்சேன். ஒண்ணைத் துடைச்சு உள்ள வெச்சேன். இன்னொண்ணைத் துணியில சுத்தித் துடைக்கறப்ப, அறையைக் காலி பண்ணச் சொல்லி சங்கு ஊதிட்டாங்க. மூடி இறுக்கிட்டு ஓடிட்டேன். இருபத்திரண்டு வருஷத்துல முதல் தடவை. சாயங்காலம் துணியை உதறறேன், உள்ள இருந்து விழுது."

"அப்பவே சொல்லியிருக்கலாமே," என்றான் மச்சினன்.

"தப்பா மாட்டி ஓட்டின ஓட்டம் செல்லாது தம்பி. அதான் இங்க சட்டம். அதுக்குள்ள அவ என்னைத் தேடி ஓடி வந்து, கையைப் பிடிச்சுக்கிட்டு அழறா. நாலு வருஷமா அவ சிரிச்சு நான் பார்த்ததில்லை. அந்த நேரத்துல போய், உன் ஓட்டம் செல்லாதும்மான்னு நான் எப்படிச் சொல்றது? மறுநாள் காலையில சீக்கிரமா வந்து திறந்தேன், ஒழுங்கா ரெண்டு வெச்சு மூடினேன். எழுதலை. இனிமே எல்லாம் சரியாப் போகும்னு நினைச்சேன்."

"படி இருந்ததாலதான் எரிஞ்சதுன்னு உங்களுக்குத் தோணவே இல்லையா?"

"தப்பா மாட்டினா ஓட்டம் கெட்டுப்போகும்னுதான் எனக்குச் சொல்லிக் குடுத்திருக்காங்க. நல்லாப் போகும்னு யாரும் சொல்லலையே தம்பி."

கதவருகே ஏதோ அசைந்தது. தங்கை நின்றிருந்தாள். எப்போது வந்தாளோ, எல்லாவற்றையும் கேட்டிருந்தாள் என்பது அவள் நின்ற நிலையிலேயே தெரிந்தது.

"பன்னிரண்டு தடவை," என்றாள். "பன்னிரண்டு தடவை ஓட்டினேன் அண்ணா. ஒவ்வொரு தடவையும் நீ கூடவே இருந்தே. ஒவ்வொரு தடவையும் நான் என்ன தப்புப் பண்ணினேன்னு வீட்ல உட்கார்ந்து தேடினேன். நீ பக்கத்துல உட்கார்ந்து, சாப்பிடும்மா சாப்பிடும்மான்னு சொல்லிக்கிட்டிருந்தே."

ஃபிட்டர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு திடீரென்று வேகம் வந்தவராக அவளை நெருங்கினார்.

"இப்ப ஒண்ணும் கெட்டுப்போகலை. மணி மூணரைகூட ஆகலை. ஒரு பேக்கிங்கை எடுத்துட்டு ஓட்டிக் காட்டுவோம். படி வெச்சுப் பார்க்கலாம்னு நீயா யோசிச்சதாச் சொல்லிடு. நெருப்பு நின்னுட்டா வேற எவன் என்ன கேக்கப் போறான்?"

"நாற்பத்தொண்ணுல எப்படி நின்னுச்சுன்னு கேப்பாங்க."

"தெரியலைன்னு சொல்லு."

"தெரியுமே."

மச்சினன் மாமாவைப் பார்த்தான். அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆறு வருடத்தில் எத்தனையோ பேரின் பொய்யைத் தோண்டியெடுத்த மச்சினன், வாழ்க்கையில் முதல்முறையாக ஒருத்தி பொய் சொல்லிவிட வேண்டும் என்று ஆசைப்பட்டான். ஒரே ஒரு சின்னப் பொய். அவள் மானமும் தப்பும், அண்ணன் வேலையும் தப்பும்.

"மூணு வாரமா எல்லார்கிட்டயும் நான் பொய் சொல்லலைன்னு சொல்லிக்கிட்டிருக்கேன்," என்றாள் அவள். "இன்னைக்கு நாலு மணிக்கு அதை மாத்தச் சொல்றியா?"

---

குழுத் தலைவி தலைநரைத்த, பேச்சைச் சுருக்கமாக வைத்துக்கொள்கிற பெண்மணி. தங்கை சொன்னதை முழுக்கக் கேட்டார். குறுக்கே பேசவில்லை. அவள் எதையும் மழுப்பவும் இல்லை. மறந்தவர் யார், திறந்தவர் யார், எழுதாதவர் யார் என்று ஒவ்வொன்றாகச் சொல்லி முடித்தபோது அவள் கழுத்து நரம்பு புடைத்திருந்தது.

இஸ்திரி எழுந்தார். "அண்ணனும் தங்கச்சியும் சேர்ந்து நல்லாக் கதை கட்டியிருக்காங்க. ஒரே ஒரு பேக்கிங்தானே? அதை நேத்துக்கூட கீறி மாட்டியிருக்கலாம். அண்ணன் வேலையைக் குடுத்துத் தங்கச்சி பேரைக் காப்பாத்தப் பார்க்கறாரு. இதை நாம நம்பணுமா?"

அதில் நியாயம் இருந்தது. வாயடிக்க வேண்டிய நேரம் பார்த்து மச்சினனுக்கு வார்த்தை வரவில்லை. நிதானம்தான் பேசினார்.

"நம்ப வேண்டாம் சார். நீங்களே மாட்டுங்க."

"நானா?"

"உங்க கையால ஒரு பேக்கிங்கை எடுத்துடுங்க. நீங்களே படியை அளந்து மூடுங்க. இவங்க ரெண்டு பேரும் கிட்ட வர வேண்டாம். தீமூட்டி வாயுக் கிடங்குக்கு இப்பவே பூட்டுப் போட்டுச் சாவியை மேடத்துகிட்ட குடுத்துடுங்க."

"அப்புறம்?"

"அப்புறம் நெருப்பைக் கேட்போம்."

தலைவி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நெருப்புக்கு யார் அண்ணன், யார் தங்கச்சின்னு தெரியாது. மாட்டுங்க சார்."

இஸ்திரி சட்டைக் கையை மடித்தார். அந்தக் கட்டடத்தில் அப்படியொரு காட்சியை யாரும் பார்த்ததில்லை. அரை மணிக்கு மேல் குழாய்க்குள் தலையை விட்டு வேலை செய்தார். வெளியே வந்தபோது முதுகெல்லாம் கசங்கி, மார்பில் கிரீஸ் அப்பியிருந்தது. "ரெண்டு மில்லிமீட்டர் படி. நானே அளந்தேன்," என்றார். அவர் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. வேலையில் மூழ்கினால் கோபத்துக்கு இடமிருப்பதில்லை போலும்.

வால்வைத் திறக்க மட்டும் பழக்கப்பட்ட கை வேண்டும் என்று தலைவி ஃபிட்டரையே அனுப்பினார், கூட ஓர் ஆளைக் காவல் வைத்து. வால்வு அறையில் திரை கிடையாது, ஜன்னலும் கிடையாது.

ஐம்பத்துநான்காவது ஓட்டம். சங்கு ஊதியது. அறை காலி என்று குரல் வந்தது. மச்சினன் நகத்தைக் கடித்தான். பத்து விரலும் முடிந்துவிட்டதால் மறுபடி முதல் விரலுக்கு வந்தான். கீழே தரை அதிர்ந்தது. தடித்த கண்ணாடியையும் தாண்டி இரைச்சல் நெஞ்சுக்குள் இறங்கியது.

திரை கறுப்பாக இருந்தது.

கறுப்பாகவே இருந்தது.

பிறகு அடியோரத்தில், ஸ்கேல் வைத்து வெட்டினாற்போல் ஒரு நேர்க்கோட்டிலிருந்து வெள்ளைப் பட்டை விரிந்தது. ஒரு வினாடி. யாரோ மூச்சை இழுத்தார்கள். இரண்டு. மூன்று. அது அங்கேயே உட்கார்ந்திருந்தது. நான்கு. பட்டை துடிக்கக்கூட இல்லை. இரைச்சல் மெல்ல இறங்கி, முனகலாகி, அடங்கியது. திரை மறுபடி கறுத்தது.

முதலில் பேசியது இஸ்திரி. "இன்னொரு தடவை போடு," என்றார் அவளிடம். பதிவை இரண்டு முறை பார்த்தார். மூன்றாவது முறை திரைக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். "வெறும் ரெண்டு மில்லிமீட்டர். இத்தனை வருஷமா ரெண்டு விரக்கடை தோண்டிக்கிட்டிருந்தோம்," என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். பிறகு அவளைப் பார்த்து, "நான் பேசினது தப்பும்மா," என்றார்.

தலைவி தீர்ப்பை இரண்டே வாக்கியத்தில் முடித்தார். ஆய்வாளர் மீதான புகார் இந்த நிமிடத்தோடு தள்ளுபடி. திறந்ததை எழுதாமல் விட்ட ஃபிட்டரின் ஹைட்ரஜன் அனுமதி இந்த நிமிடத்தோடு ரத்து, ஒரு வருடத்துக்கு. அவள் தலையசைத்தாள். சந்தோஷப்படுகிறாளா என்று யாராலும் சொல்லியிருக்க முடியாது.

வால்வு அறைக்கு அவள்தான் போனாள். மாமாவும் மச்சினனும் பின்னால் போனார்கள், கதவுக்கு வெளியிலேயே நின்றுகொண்டார்கள். ஃபிட்டர் எல்லா வால்வையும் மூடிவிட்டு, ஒவ்வொன்றையும் இரண்டாவது முறை தொட்டுச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். அனுமதி அட்டையைச் சட்டையிலிருந்து ஏற்கெனவே கழற்றியிருந்தார். யாரும் வந்து கேட்டிருக்கவில்லை.

"எத்தனை?" என்றார், திரும்பாமலே.

"நாலரை."

"நாலரையில அணைஞ்சிருச்சா?"

"அணையலை அண்ணா. காத்துதான் தீர்ந்துபோச்சு. காத்து இருந்தவரைக்கும் எரிஞ்சது."

அவர் திரும்பினார். பக்கத்திலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். கண்களைப் புறங்கையால் அழுத்தித் துடைத்தார். அவள் அழவில்லை. கோபம் தீரவில்லை என்று முகத்தில் எழுதியிருந்தது. ஆனாலும் போய் அவருக்குப் பக்கத்தில் நின்றாள்.

"நாளைக்கு மறுபடியும் ஓட்டணும்னு சொல்லுவாங்களே," என்றார். "யாரு மாட்டுவாங்க?"

"நான்."

"உனக்கு மாட்டத் தெரியாதே."

"ராத்திரி சாப்பிடறப்ப சொல்லிக் குடு," என்றாள் அவள். "ஒண்ணையும் மறைக்காமச் சொல்லணும்."

அவர் தலையாட்டினார். அனுமதி அட்டையை அவள் கையில் வைத்துவிட்டு, எந்த போல்ட்டை முதலில் இறுக்க வேண்டும் என்று அங்கேயே சொல்ல ஆரம்பித்தார்.